மகள் சொன்ன ‘ஆமா’

“பாலை மோந்து பார்த்துச் சொல்லுடி.”

அந்த வீட்டில் பொழுது விடிவதே அம்மாவின் இந்தப் பேச்சில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சல், போகிற போக்கில் மூக்கையும் செயலற்றதாக ஆக்கிவிட்டுப் போய்விட்டது. வாசனை தானாகத் திரும்பும் என்றார்கள் டாக்டர்கள். திரும்பவில்லை; இனி திரும்பாது என்று பிறகு அவர்களே சொல்லிவிட்டார்கள். பால் திரிந்ததா, கேஸ் கசிகிறதா, மழைநாளில் துணி நாறுகிறதா, எல்லாவற்றுக்கும் மகளைத்தான் கூப்பிட வேண்டும். “ஒரு மூக்கு போனா என்ன, இன்னொண்ணு பெத்து வெச்சிருக்கேனே” என்று தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் பாத்திரத்தருகே முகத்தைக் கொண்டுபோய் எடுத்தாள். “நல்லாத்தான் இருக்கு.”

“சரியாப் பாரு. இன்னிக்குன்னு பார்த்து வயித்துக்கு ஏதாவது ஆயிடப் போகுது.”

“நல்லாருக்கும்மா. விடேன்.”

குரலில் எரிச்சலைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. இருக்காதா பின்னே? அவர்கள் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு பிள்ளைகூட எண்ணூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்று வரைக்கும் போனதில்லை. போன வாரம் தகுதிச் சுற்றில் முட்டி மோதி மூன்றாவதாக வந்ததிலிருந்து, தெருவில் போகிறவர்கள்கூட மகளை நிறுத்தி விசாரிக்கிறார்கள்.

வாசலில் கார் உறுமியது. “ரயிலு! கிளம்பியாச்சா?”

அவர்தான். அவள் கணவர், அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஊருக்கெல்லாம் விசில் சார். சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா. ‘இவனுக்கு ஓட்டம் சரிப்படாது’ என்று யாரோ சொல்லப்போய், அந்த வீம்பிலேயே ஓடி, ஓடி, ஓட்டத்தையே தொழிலாக்கிக்கொண்ட மனிதர். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வீடு முழுக்க ‘கூ’ என்று ஓடிய மகளுக்கு ரயில் என்று பேர் வைத்ததும் அவர்தான். ஓட்டத்தோடு கூடவே மகளுக்கு அவருடைய மூச்சுக் கோளாறும் வந்து சேர்ந்தது.

மகளுக்கு முதல் தடவை மூச்சு முட்டியபோது அவள் முன்னாலேயே சிகரெட் பெட்டியைக் கசக்கி எறிந்தார். “இனிமே இதைக் கையால தொட மாட்டேன்” என்று குழந்தை மாதிரி அழுதார். அதற்கப்புறம் தொட்டதில்லை. அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள்.

ஆனால் சமீப காலமாக அவர் நெஞ்சு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன தடவை டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “இதுக்குள்ள மருந்து கேட்டிருக்கணுமே, ஏன் கேக்கல?” என்றார். மைதானத்துத் தூசி என்றார் இவர். உடனே அவள் வீட்டைத் தலைகீழாக்கினாள். திரைச்சீலையைக் கழற்றினாள். பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டாள். மகள் மடியிலேயே வளர்ந்த பூனையை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்தப் பூனை எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு இந்த வீட்டையே பார்க்கிறது.

“எப்படி இருக்கு இன்னிக்கு?” என்று கார் ஜன்னலில் குனிந்து கேட்டாள்.

“தேவலாம். நீ கடையில சொல்லிட்டு நேரா மைதானத்துக்கு வந்துடு.”

மகள் ஏறப்போனவள் திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, நான் ஜெயிச்சா அப்பா சொன்ன வாக்கைக் காப்பாத்துவாரு இல்ல?”

“என்ன வாக்கு?”

“அது எங்களுக்குள்ள.”

புது ஷூவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் அப்பாவும் பெண்ணும் பயிற்சிக்குச் சேர்ந்து கிளம்புகிற அழகை வாசலில் நின்று பார்ப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அன்றும் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. அவள் கடையிலிருந்து ஓடோடி வந்து படிக்கட்டில் இடம் பிடிப்பதற்கும் துப்பாக்கி வெடிப்பதற்கும் சரியாக இருந்தது.

முதல் சுற்றில் மகள்தான் முன்னால். அம்மாவுக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மகள் இவ்வளவு வேகமாக ஆரம்பித்து அவள் பார்த்ததே இல்லை. கோட்டோரம் நின்ற அவர் கையை ஆட்டி, “மெதுவா! மெதுவா ரயிலு!” என்று கத்தினார். மகள் காதில் வாங்கவில்லை.

இரண்டாவது சுற்றின் பாதியில் மகளின் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின. அவள் படிக்கட்டில் எழுந்து நின்றாள். அந்தத் தோளை அவளுக்குத் தெரியும். மூச்சு உள்ளே போகாமல் போராடுகிற தோள் அது.

“நில்லுடி, நில்லு” என்று முணுமுணுத்தாள். பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மகள் நிற்கவில்லை. ஒருத்தி தாண்டிப் போனாள். இன்னொருத்தி தாண்டினாள். கடைசி வளைவில் மகள் கையை நீட்டினாள், முன்னால் போகிற யாரையோ பிடித்துக்கொள்கிற மாதிரி. அப்படியே முட்டி மடங்கி விழுந்தாள்.

அவள் படிக்கட்டில் எப்படி இறங்கினாள், வேலியை எப்படித் தாண்டினாள் என்று பிறகு யோசித்தபோது ஒன்றுமே ஞாபகமில்லை.

முதலுதவி அறையில் மகளை உட்கார வைத்து, மருந்தை வாயில் அடித்து, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் நர்ஸ். உதடு வெளுத்திருந்தது. கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. வாசலில் தலைமை ஆசிரியை. சுவரோரம் அவர்.

நர்ஸ் மகளின் தலைமுடியருகே குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். மேலே போட்டிருந்த ஜாக்கெட்டின் கையை எடுத்து முகர்ந்தாள்.

“ஏம்மா பொண்ணே, நீ சிகரெட் பிடிக்கிறியா?”



“என்ன சிஸ்டர் பேசறீங்க?” என்று அவள் பாய்ந்தாள். “என் பொண்ணைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?”

“நான் ஏம்மா பொய் சொல்றேன்? தலை, துணி எல்லாம் சிகரெட் நாத்தம் குடலைப் பிடுங்குது. நீங்களே மோந்து பாருங்க.”

அவள் மகளின் தலையில் முகத்தைப் புதைத்தாள். ஒன்றுமில்லை. வெறும் காற்று. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். “என்னங்க, நீங்க பாருங்க. எனக்குத்தான் தெரியாதே. நீங்க சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்தார்.

தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். “நீயே சொல்லு. உண்மையா?”

மகள் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, இரண்டு மூச்சுக்கு நடுவே கிடைத்த சின்ன இடைவெளியில் சொன்னாள்.

“ஆமா.”

*

ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவள் அந்த ‘ஆமா’வையே மென்றுகொண்டிருந்தாள். கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எப்போது? எங்கே? யாரோடு? பின்னால் காரில் வருகிற அவரிடம் கேட்கலாம் என்றால், அந்த அறையில் அவர் முகம் ஏன் அப்படி இருந்தது? மனுஷர் அதிர்ந்துபோகவில்லை. கோபப்படவும் இல்லை. தினமும் எத்தனையோ முகங்களை ஒரு சாண் தூரத்தில் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் அவள். அந்த முகத்துக்கு மட்டும் அவளால் பேர் வைக்க முடியவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் மகளின் முகத்தில் மருந்துப் புகை வருகிற மாஸ்க்கை மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சின் இழுப்புச் சத்தம் தணிந்தது. அவள் பெருமூச்சு விடப்போனாள்.

“சத்தம் குறைஞ்சுதேன்னு நிம்மதியாகிடாதீங்க” என்றார் டாக்டரம்மா, ஸ்டெதஸ்கோப்பை மகளின் முதுகிலிருந்து எடுக்காமலே. நரைத்த தலை, தூக்கமில்லாத கண். “காத்து போனாத்தான் சத்தம் வரும். இந்தப் பக்கம் காத்தே சரியாப் போகல.”

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது முறை மருந்து கொடுத்தபின் மகளால் ஒன்றிரண்டு வார்த்தை பேச முடிந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இங்க பாரும்மா. திட்ட மாட்டேன். ஆஸ்துமா இருக்கிற நெஞ்சுல புகை போனா குழாயெல்லாம் வீங்கி அடைச்சுக்கும். நாம குடுக்கிற மருந்தும் சரியா வேலை செய்யாது. தண்ணி ஊத்த ஊத்த இன்னொருத்தர் நெருப்பு வெச்சுட்டே இருந்தா எப்படி இருக்கும், அப்படி. அதனால எனக்கு உண்மை தெரியணும். எவ்வளவு நாளா பிடிக்கிறே?”

மகள் விழித்தாள். “கொஞ்ச... நாளா.”

“என்ன சிகரெட்?”

மகள் மாஸ்க்கை இழுத்து மூக்கின்மேல் சரிசெய்துகொண்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது போல. மேல்பையிலிருந்து பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். “எப்படிப் பிடிப்பே? காட்டு.”

மகள் பேனாவை வாங்கினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முனையை உள்ளங்கைப் பக்கம் திருப்பி, மற்ற விரல்களால் குடை மாதிரி மூடிக்கொண்டாள்.

“ம்ம்... பழகின கைதான்” என்று டாக்டரம்மா எழுந்துகொண்டார்.

அவள் மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணமான புதிதில், பின்பக்கப் படியில் உட்கார்ந்து ஒருவர் இப்படித்தான் பிடிப்பார். நெருப்பு உள்ளங்கைப் பக்கம். அவருடைய அப்பா திடீரென்று வந்தாலும் கண்ணில் படக்கூடாது என்று. “கை சுடாதா?” என்று அவள் கேட்பாள். “சுட்டாத்தான் ருசி” என்பார்.

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போகும் வரைக்கும் அவள் பொறுத்திருந்தாள். பிறகு மகளின் கையிலிருந்து பேனாவை மெல்ல எடுத்தாள்.

“அப்பாவா?”

மகள் கண்ணை மூடினாள். மூடிய இமைக்கு வெளியே தண்ணீர் வழிந்து மாஸ்க்கின் விளிம்பில் தேங்கியது.

“எப்போலருந்துடி?”

“உனக்கு... மூக்கு... போனதுக்கப்புறம்.”

வார்த்தை வார்த்தையாக, மூச்சுக்கு மூச்சு இடம் விட்டு மகள் சொன்னாள். தினமும் காலையில் விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையில்தான். வெளியே நின்றால் காவலாளி பார்த்துவிடுவார் என்று கதவைச் சாத்திக்கொள்வாராம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. யாராவது வருகிறார்களா என்று கதவிடுக்கில் பார்த்துச் சொல்வது மகளின் வேலை. அங்கேயே ஷூ மாட்டி, அங்கேயே உடம்பை வளைத்துச் சூடேற்றிக்கொண்டு, பிறகு ஓடப் போவாளாம். இன்றைக்குக் காலையிலும், பதற்றத்தில் அப்பா இரண்டு மடங்கு பிடித்தாராம்.

“ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“அப்பாவுக்கு... வேலை போயிடும். போன வருஷம்... கைப்பந்து டீம் அண்ணா ஒருத்தர்... சிகரெட் பிடிச்சதை... அப்பாதான் பெரிய மேடம்கிட்ட பிடிச்சுக் குடுத்தாரு. டி.சி. குடுத்து அனுப்பிட்டாங்க. இப்ப அப்பான்னு தெரிஞ்சா...”

“பேசாத. போதும், பேசாத கண்ணு.”

மகள் நிறுத்தவில்லை. “நிறுத்திடறேன்னு... சொல்லிட்டேதான் இருந்தாரும்மா. நான் அழுதேன். அப்போ சொன்னாரு... நீ ஃபைனல்ல ஜெயிச்சுட்டு வா. அன்னியோட... விட்டுடறேன்னு.”

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அதான்... நான் நிக்கல.”

மகள் மெடலுக்காக ஓடவில்லை. அந்தக் கடைசி வளைவில் கையை நீட்டியது முன்னால் ஓடினவளைப் பிடிக்கவும் இல்லை.

அவள் மகளின் நெற்றியில் கை வைத்தாள்.  கழுத்துக்குழி மறுபடி ஆழமாக உள்வாங்க ஆரம்பித்திருந்தது. அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். நர்ஸ் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். திரையை இழுத்துவிட்டு, “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்கள்.

*

அவர் காத்திருக்கும் இடத்தில் இல்லை. மருந்துக் கடையிலும் இல்லை. அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஜெனரேட்டர் அறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே, குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வலது கை குவிந்திருந்தது. விரல் இடுக்கிலிருந்து புகை கசிந்தது.

இவ்வளவு கிட்டத்தில் நின்றும் அவளுக்கு வாசனை தெரியவில்லை.

“என்னங்க.”

அவர் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் மறைத்தார். பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை என்று புரிந்து, கீழே போட்டுக் காலால் தேய்த்தார். “ரயிலு... எப்படி இருக்கா?”

“மூச்சு சரியாப் போகல. ராத்திரிக்குள்ள தேறலன்னா மிஷின் வைக்கணுமாம்.”

அவர் சுவரில் சாய்ந்தார். அப்படியே வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அவரிடமிருந்து ஒரு சின்ன இழுப்புச் சத்தம் வந்தது.

“நான் மனுஷனே இல்ல” என்றார்.

“அதை அப்புறம் பேசலாம். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வாசனை திரும்பவே திரும்பாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு நான் உக்காந்து அழுதேன். நீங்க பக்கத்துல உக்காந்து என் தலையைத் தடவிக் குடுத்தீங்க. அப்போ இதைத்தான் நினைச்சீங்களா?”

“அன்னிக்கு நினைக்கல.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வாரம் கழிச்சு.”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

“எத்தனையோ தடவை விட்டுப் பார்த்தேன்” என்றார். “மூணு நாள் தாங்கும். நாலாவது நாள் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கும். நெஞ்சு இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் வேணும்னு கேக்கும். இது என்னைக் கொல்லும்னு தெரியும். என் நெஞ்சுதானே, போகட்டும்னு இருந்தேன்.”

“உங்க நெஞ்சு மட்டுமா? கதவைச் சாத்திக்கிட்டு அவளை உள்ள நிக்க வெச்சீங்களே!”

“கதவுகிட்டதானே நின்னா... கொஞ்ச நேரம்தானேன்னு...”

“பூனையைத் தூக்கிக் குடுத்தேங்க. அந்தப் பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடல. பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேலே வைய அவளுக்குத் தெம்பில்லை. வைதால் ஆறிவிடும் போலிருந்தால் வைதிருப்பாள். இது அப்படிப்பட்டதில்லை. உள்ளே ஏதோ ஒன்று ஏற்கெனவே அணைந்துபோயிருந்தது.

“எழுந்திரிங்க. மேடம் வந்திருக்காங்களாம். அவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் வந்து சொல்லுங்க. நான்தான்னு. பிடிச்சது என் பொண்ணு இல்ல, நான்னு.”

“சொல்றேன்.”

“வேலை போனா போகட்டும். ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்.”

“சொல்றேன்னு சொல்றேன்ல. வா.”

அவர் எழுந்து அவளுக்கு முன்னாலேயே நடந்தார். அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். இத்தனைக்கப்புறமும் அவளுக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. மகளுக்காகச் செய்துவிடுவார். இதை மட்டுமாவது செய்துவிடுவார்.

*

திரை விலக்கியிருந்தது. மகளின் மூக்கையும் வாயையும் மூடிப் பெரிய மாஸ்க்கை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பேச முடியாது. கண் மட்டும் திறந்திருந்தது. கையில் ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் காலடியில் தலைமை ஆசிரியை, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

அவள் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லிட்டிருந்தது.

“சார், இந்த நேரத்துல பேசக்கூடாதுதான்” என்று தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். “ஆனா மைதானத்துல எல்லார் காதுக்கும் போயிடுச்சு. மத்த பெற்றோர் இப்பவே போன் பண்ணிக் கேக்கறாங்க. போன வருஷம் அந்தப் பையனை அனுப்பினோம். அதுக்கு நீங்கதான் பிடிவாதமா நின்னீங்க. இப்ப உங்க பொண்ணுன்னு நான் எப்படிக் கண்ணை மூடிக்கிறது, சொல்லுங்க?”

அவர் தொண்டையைச் செருமினார்.

அவள் மகளின் கையை இறுக்கினாள். இதோ சொல்லப்போகிறார்.

“சின்னப் பொண்ணு மேடம்” என்றார் அவர். “தெரியாம பண்ணிட்டா. இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க.”

அவளுக்கு முதலில் அர்த்தமே புரியவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்து, ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் அப்பா இப்படித்தான் சொல்வார் என்று அந்தப் பிள்ளைக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

“அவ இல்ல மேடம்” என்றாள்.

மகள் அவள் கையைச் சுரண்டினாள். வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மாஸ்க் உரசிச் சத்தம் வந்தது.

“என்னம்மா சொல்றீங்க?”

“என் பொண்ணு சிகரெட் பிடிக்கல. பிடிக்கிறவங்க பக்கத்துல தினமும் நின்னிருக்கா. அவ்வளவுதான்.”

“அப்போ யாரு பிடிச்சது?”

அவள் அவரைப் பார்த்தாள். தலைமை ஆசிரியையும் திரும்பிப் பார்த்தார்.

அவர் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதில் இருமல் வந்தது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் நெஞ்சைப் பிடித்து, முன்னால் மடங்கினார். இருமலின் முடிவில் மூச்சு ஒரு நீளமான இழுப்பாக மாறியது. நர்ஸ் ஓடிவந்தாள். தலைமை ஆசிரியை கைப்பையைப் போட்டுவிட்டு அவரைத் தாங்கினார். “யாராவது நாற்காலி கொண்டு வாங்க! சாருக்கும் மூச்சு வாங்குது!”

பதினெட்டு வருஷமாக அந்த மூச்சோடு குடித்தனம் பண்ணியவள் அவள். அடுத்த அறையில் இருந்தாலும், அது தடம் மாறுவதற்குள் மருந்தோடு போய் நிற்பாள். தூக்கத்திலும் ஒரு காது அதன்மேலேயே இருக்கும்.

இப்போது உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை.

இது நிஜமா? ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் அத்தனை புகையை இழுத்துவிட்டு வந்த நெஞ்சு, நிஜமாகவும் இருக்கலாம். அந்த ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க வந்ததாகவும் இருக்கலாம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை.

“நீங்க அவர்கிட்ட வாங்கம்மா! என்ன உக்காந்திருக்கீங்க?” என்று நர்ஸ் அதட்டினாள்.

மகள் மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. கண் மட்டும் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது. போ, போம்மா என்று கெஞ்சியது.

அவள் போகவில்லை. தலைமை ஆசிரியையின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அவருக்கு மூச்சு வரட்டும் மேடம்” என்றாள். “வந்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்க. அவர் சொல்லலன்னா நான் சொல்றேன். நான் இங்கதான் இருப்பேன்.”

நாற்காலியில் சரிந்திருந்த அவர் தலை நிமிர்ந்தது. அந்தப் பார்வையில் இருந்தது வலியா பயமா என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

அவள் கைக்குள்ளிருந்த விரல்கள் அசைந்தன. குனிந்து பார்த்தாள். ஊசி குத்தியிருந்த அந்தக் கையை, வலித்தாலும் பரவாயில்லை என்று, மகள் அவள் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டிருந்தாள்.